வாடை வந்தா ஓட்டாத அண்ணாச்சி

வண்டியை வாங்க எபினேசர் கேட்ட விலைக்குக் கோதண்டம் உடனே தலையாட்டினார். அப்போதே எபினேசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர் எபினேசர். வாய் கூசுகிற அடிமாட்டு விலையைத்தான் முதலில் கேட்பார். எதிராளி நெஞ்சில் கை வைத்துப் பிள்ளைகுட்டிகளின் கதையைச் சொல்ல வேண்டும். இவர் எழுந்து வாசல்வரை போக வேண்டும். அவன் கூப்பிட வேண்டும். அதுதான் முறை. காசிமேட்டில் படகு வைத்திருக்கும் கோதண்டமோ, "எத்துக்கினு போ அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். மனிதரை எழுந்திருக்கக்கூட விடவில்லை.

வண்டியும் ஒரு தினுசானதுதான். மூன்று சக்கரம், மேலே முட்டை ஓடு மாதிரி வெள்ளைக் கூடு, உள்ளே ஒற்றை இருக்கை. சைக்கிள் போலப் பெடலை மிதித்தால் மின்சார மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். துறைமுகத்தில் வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது கோதண்டம் தலையில் கட்டிவிட்டுப் போனது.

இது ஓடினால்தான் கடைச் சாவி எபினேசர் இடுப்பில் தங்கும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அதே இடுப்பை முறித்துக்கொண்ட நாளிலிருந்து, "நீங்க திருவொற்றியூர்ல வீட்டோட இருங்க மாமா, கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்று மருமகன் ஜெரால்ட் உருகிக்கொண்டிருந்தான். அந்த உருக்கத்திலும் எபினேசருக்குச் சந்தேகம். ஆட்டோவின் குலுக்கலை இடுப்பு தாங்காது. டிரைவர் சம்பளத்தை மனசு தாங்காது.

புறப்படும்போது கோதண்டம் கூட்டின் ஜன்னலில் தலையை விட்டார். "ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. வாடை வந்தா மட்டும் கடலோரமா ஓட்டாத. பேஜாரு பண்ணிடும்."

எபினேசருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேட்டரி கருகுகிற வண்டி! பேரம் பேசாத காரணம் இதுதான். அவருடைய தெற்கத்திச் சாத்தான்குளத்து மூக்குக்கு வாடை என்றால் எங்கோ ஏதோ கெட்டுப்போகிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலை திருவொற்றியூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே கடைக்குக் கிளம்பினார். மிதிக்காமலே வண்டி பறந்தது. அதுவும் சந்தேகமாக இருந்தது. மூக்கைத் தீட்டிக்கொண்டே ஓட்டினார். வாடை வந்தால் ஓட்டாதே என்று வட சென்னையில் ஒருவனிடம் சொன்னால் அவன் எப்போதுதான் ஓட்டுவான்? தொழிற்சாலைப் பக்கம் கேஸ் நாற்றம், இறங்கினார். கால்வாய் வந்தது, இறங்கினார். கருவாடு காயும் இடத்திலும் இறங்கி, இருக்கைக்கு அடியில் இருந்த பேட்டரியில் மூக்கை வைத்து இழுத்தார்.

டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னா பெர்சு, வண்டிக்கு முத்தம் குடுத்துகினு கீற?"

சாயங்காலம் திரும்பும்போதுதான் வினை. ஆட்டுக்கல்லைக் காலால் சுற்றுவது போலிருந்தது பெடல். எதிர்க்காற்று ஒன்று ஓங்கி அடிக்க, கூடு அப்படியே கன்டெய்னர் லாரிப் பக்கம் சாய்ந்து நகர்ந்தது. லாரிக்காரன் பிரேக் போட்டு, எபினேசரின் பாட்டன் முப்பாட்டனை எல்லாம் இழுத்துத் திட்டினான். எபினேசர் வண்டியை நேராகக் கோதண்டத்தின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எடுத்துக்கிடும்வே உம்ம வண்டிய!"

"இன்னாத்துக்கு? வாடை அடிச்சிதா?"

"மீன் வாடை, சாக்கடை வாடை, கேஸ் வாடை எல்லாம் அடிச்சுது. நீரு சொன்ன கருகல் வாடை மட்டும் வரல. அதுக்குள்ள லாரிக்கு அடியில போவப் பாத்துது!"

வலை பிரித்துக்கொண்டிருந்த கோதண்டத்தின் மனைவி மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐய, மோந்து பாத்தியா? வாடைன்னா காத்து அண்ணாச்சி! வடக்கேருந்து வீசுதே, உன் மூஞ்சிலயே அடிக்குதே, அது!"

"கடலுக்குப் போறவன் வேற எதைச் சொல்லுவான்?" என்றார் கோதண்டம். "கூடு லேசு. வாடைல நிக்காது. உள்ளார இருக்கிற மெயின் ரோட்ல போனா கட்டடம் மறைச்சிக்கும்."

எபினேசர் தோற்பதாக இல்லை. "அப்ப ஏன்வே நீரு பேரம் பேசல?"

"நான் ஏலத்துல மீனு விக்கிறவன். வேற எவனும் கேக்கல, நீ கேட்ட. அத்தோட முடிஞ்சிது."

இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமே என்று எபினேசர் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"வோணாம்னா வுட்டுட்டுப் போ. உன் துட்ட இப்பவே தரேன்" என்று கோதண்டம் சட்டைப்பையில் கையை விட்டார்.

எபினேசரின் கண் சுருங்கியது. திருப்பி வாங்கவும் இவ்வளவு அவசரமா? பணத்தைத் தயாராக வைத்திருக்கிறானே! எவனோ கூடுதலாகக் கேட்டிருக்கிறான். இல்லாவிட்டால் எவன் இப்படி நீட்டுவான்?

"அதெல்லாம் வேண்டாம்வே" என்று சொல்லிக்கொண்டே கூட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். கோதண்டம் மனசு மாறுவதற்குள் தெரு முனையைத் தாண்டிவிட்டார்.

மெயின் ரோட்டில் மெட்ரோ தூண்களை ஒட்டி, பஸ்காரர்களிடம் திட்டு வாங்கியபடி, காற்றில்லாமல் வீடு சேர்ந்தார். வாசலில் ஜெரால்ட் கவலையோடு கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"ரொம்பக் களைச்சிட்டீங்களே மாமா. கடைச் சாவியக் குடுங்க, நாளைக்கு..."

எபினேசர் அந்தக் கையில் காலித் தூக்குவாளியை மாட்டினார்.

"கழுவி வைக்கச் சொல்லுங்க மாப்ள. காலையில வாடை அடிச்சா முதுகுல தள்ளும், எனக்கு மிதிக்கவே வேண்டாம்."