முனீஸ்வரி முழிக்கும் நேரம்

2002 தை மாதம் கல்யாணமாகிக் காமயகவுண்டன்பட்டிக்கு வந்த முனீஸ்வரிக்கு, சித்திரைக்குள் திமிர் பிடித்தவள் என்ற பேர் வந்துவிட்டது. பேர் வைத்தவர் மாமியார் பஞ்சம்மாள். காலையில் எது கேட்டாலும் மருமகள் பதில் சொல்வதில்லை. வெறித்துப் பார்த்துவிட்டுப் பல் விளக்கப் போய்விடுவாள்.

முனீஸ்வரிக்குத் திமிரெல்லாம் கிடையாது. அலாரம் அடித்ததும் எழுந்துவிடுவாள். ஆனால் அரை மணி நேரத்துக்குத் தலைக்குள் எதுவும் ஏறாது. பிறந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இங்கே சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் பஞ்சம்மாள், "ஏத்தா, காய்ச்சலடிக்கிற மாதிரி இருக்கு. தொட்டுப் பாரு" என்றார். முனீஸ்வரி பேசாமல் அவரைத் தாண்டிப் போனாள். வாய் கொப்பளிக்கும்போதுதான் அத்தை சொன்னது உறைத்தது. ஓடி வந்தாள். பஞ்சம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தார்.

"அத்தே, வேணும்னு செய்யல. கண்ணு முழிச்சாலும் நான் முழிக்க அரை மணி நேரம் ஆகும். சின்னப் பிள்ளையிலருந்தே இப்படித்தான்."

பஞ்சம்மாள் அவள் முகத்தையே பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? நான் என்னென்னமோ நெனச்சுக் கெடந்தேன்."

காய்ச்சல் விட்டதும் அவரே மகன் தங்கப்பாண்டியனைக் கூப்பிட்டு, வெளிச்சம் பட்டால் மருமகளுக்குச் சீக்கிரம் தெளியும் என்று, அவனும் முனீஸ்வரியும் படுக்கும் அறையில் கொசுவுக்காக அட்டை வைத்து அடைத்திருந்த கிழக்கு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அவன் அட்டையைப் பிய்த்துவிட்டு வலை அடித்தான். விடியும் வெளிச்சம் கட்டில்வரை வந்தது. எழுந்ததும் முனீஸ்வரி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, திராட்சைத் தோட்டங்கள் வழியே வாய்க்கால்வரை நடப்பாள். துணைக்கு அத்தையும் வந்தார். மருமகள் வாய் திறக்கும்வரை அவர் பேசக் கூடாது என்று ஏற்பாடு.

பஞ்சம்மாளுக்கு அது பெரும்பாடு. எதிரே வரும் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் குசலம் கேட்டால்கூடக் கையாட்டிவிட்டு நடப்பார்.

ஒரு மாதம் போயிருக்கும். அன்று தோட்டத்து முதல் பந்தலைத் தாண்டும்போதே முனீஸ்வரி கேட்டாள்: "அத்தே, சண்முகத்தாய் அக்கா மகளப் பொண்ணு பாக்க வந்தாகளாமே?"

பஞ்சம்மாள் நின்றுவிட்டார். "முழிச்சுட்டியா?"

"முழிச்சுட்டேன்."

"அதச் சொல்லாமத்தான் வீட்டுல இருந்தே வாய அடக்கிக்கிட்டு வாரேன்" என்று ஆரம்பித்தவர், உத்தமபாளையத்திலிருந்து வேனில் வந்தவர்கள் எத்தனை பேர், என்ன பலகாரம் என்று வாய்க்கால்வரை சொல்லிக்கொண்டே போனார். முனீஸ்வரி நடுநடுவே கேள்வி கேட்டுச் சிரித்தபடி கூடவே நடந்தாள்.