கட்டட்டுமா என்று கேட்டவளுக்கு

1

இந்தக் கதை நான் அனுப்பிய ஒற்றை வரிப் பதிலில் பிறந்தது. இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், விட்டால் கடைசிவரை மழுப்பிவிடுவேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு உண்டு.

நான் ரமணி. மலேசியாவில் சுங்கை பட்டாணிக்காரி. தாய்ப்பால் கொடுக்கும் தமிழ்ப் பெண்களுக்காக ஒரு வாட்சப் குழு நடத்துகிறேன். ‘எந்நேரமும் கேளுங்கள்’ என்று அதன் முகப்பில் எழுதிவைத்தவளும் நான்தான்.

2

முதல் தொடக்கம்: புக்கிட் செலம்பாவில் மழை கொட்டிய ஒரு மாலை

(மழையே இல்லை. வேண்டாம்.)

இரண்டாம் தொடக்கம்: காஞ்சனாவுக்கு ஏழு வாரம் முன்னதாகவே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தாயை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவன் அழகேசன் லாரியோடு தூரத்து ஜொகூரில். புக்கிட் செலம்பா வீட்டில் அவளும், பால் கல்லாய்க் கட்டிக்கொண்ட மார்பும்தான். ‘தனிமை அவளை’ என்று ஆரம்பித்ததை வெட்டிவிட்டேன். அவளுக்குப் பேச ஆளில்லை. அவ்வளவுதான்.

3

பக்கத்து வீட்டுப் பாப்பம்மா பொல்லாதவராக இருந்தால் எனக்கு எழுதச் சுலபம். அவரோ வேளைக்கு ரசம் சோறு கொண்டுவந்தவர். காஞ்சனா வலியில் அழுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

“புள்ள ஆஸ்பத்திரில கெடக்கு, யாருக்கும்மா இந்தப் பாலு? மல்லிப்பூ கட்டுனா வத்திடும். வலி போயிடும் லா.”

(குறிப்பு: மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது ரப்பர் தோட்டத்துப் பெண்களின் வழக்கம். குழந்தை இறந்த வீட்டில் செய்வது. பாப்பம்மா தன் முதல் பிள்ளைக்குப் பிறகு கட்டிக்கொண்டவர்.)

காஞ்சனா குழுவில் கேட்டாள்: “அக்கா, வலி தாங்கல. பக்கத்து வீட்டு அத்தை மல்லிப்பூ கட்டச் சொல்றாங்க. கட்டட்டுமா?”

நான் அப்போது கிளினிக் சுவரொட்டிக்காகத் தாய்ப்பாலின் பெருமையை எழுதிக்கொண்டிருந்தேன். பாதி படித்தேன். “பெரியவங்க சொல்றத கேளு லா” என்று தட்டிவிட்டேன். அவள் கட்டிக்கொண்டாள். ‘கையால பீச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

4

முடிவு ஒன்று: பதினெட்டாம் நாள் குழந்தை வருகிறது. பால் பொங்குகிறது. (பொய்.)

முடிவு இரண்டு: குழந்தை வருகிறது. உறிஞ்சிப் பார்த்து, ஒன்றும் வராமல் வீறிடுகிறது. (இது நடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.)

அடுத்து நடந்ததை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. “நீங்கதானக்கா கேளுன்னு சொன்னீங்க” என்றாள் காஞ்சனா. கோபமாகக்கூட இல்லை.

“அது வேற ஒருத்திக்குப் போட்ட பதில்மா,” என்றேன். “பாப்பம்மா அத்தை இப்படிப் பண்ணலாமா?”

வாசலில் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றிருந்த பாப்பம்மா உள்ளே வராமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து அந்த இரண்டு வீட்டுக்கும் இடையே பேச்சில்லை. ‘விடாம மார்ல போடு, திரும்ப ஊறும்’ என்று அறிவுரை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

5

இன்று மூன்று மணிக்கு அவளிடமிருந்து செய்தி: “அக்கா, நாலு சொட்டு வந்துச்சு! ஓடிப்போய்ச் சொல்லலாம்னா பக்கத்துல யாருமே இல்ல.”

மூன்றாவது முடிவு ஒன்று இருக்கிறது. அது ஒரு வரிதான்: அந்தப் பதில் உனக்குப் போட்டதுதான். அதை அடிக்கிறேன், அழிக்கிறேன். அடிக்கிறேன், அழிக்கிறேன். இந்தக் கதையைக்கூட அதைத் தள்ளிப்போடத்தான் எழுதினேன் போலிருக்கிறது.

அவள் இன்னும் இணையத்தில்தான் இருக்கிறாள். ரமணி அக்கா எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குக் காட்டும். உங்களிடம் போனைத் தருகிறேன். நீங்களாவது அனுப்புவீர்களா?