ஏமஸ் போட்ட குறி

பட்டறைத் தரையைக் காஸ் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. வருகிறவர்கள் தரையைப் பார்க்க வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். கார் ஆலைகளுக்குப் பேர்போன ஃப்ளின்ட் நகரத்தின் வடக்குப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாளும் அவர் மகளும் வருகிறார்கள். பட்டறை நடுவில் சக்கரங்கள் இல்லாமல் இரும்புத் தாங்கிகள்மேல் நிற்கிற பியூயிக் காரின் உடம்பில், ஐம்பது சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் அந்த அம்மாளின் கணவர் மஞ்சள் க்ரேயானால் எழுதிய ஒரு பெயரைத் தொட்டுப் பார்க்க வருகிறார்கள். அந்த எழுத்து இப்போது இல்லை. அதைப் போலவே ஒன்று இருக்கிறது. அது காஸ் எழுதியது.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தப்பும் தெரியாது. அந்தக் காலத்து ஆலையில் கார் ஒவ்வொரு ஆளாகத் தாண்டி நகர்ந்து போகும்போது, ஆளுக்கு ஒரு கிறுக்கல் கிறுக்குவான். இந்த போல்ட்டை முறுக்கியாயிற்று என்று பச்சைப் பெயின்டில் ஒரு தீற்றல், இந்த உடம்புக்கு இந்த எஞ்சின் என்று சாக்பீஸில் ஒரு எண். கார் வாங்குகிறவன் கண்ணில் படவேண்டும் என்று எவனும் எழுதவில்லை. இன்றைக்கு அந்தக் கிறுக்கல்களுக்குத்தான் மவுசு. ஜூலை மாதக் கண்காட்சியில் நடுவர்கள் டார்ச் விளக்கோடு காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, தீற்றல் இருக்கிறதா, எண் இருக்கிறதா என்று தேடுவார்கள். அதனால் பழைய பெயின்டை உரிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்வார்கள். புதுப் பெயின்ட் காய்ந்ததும் அதே இடத்தில், அதே நிறத்தில், திரும்ப எழுதிவிடுவார்கள். ஒழுங்காக எழுதுவது யாருக்கும் வரும். அவசரத்தில் எழுதியதை அதே அவசரம் தெரிய எழுதுவதற்குத்தான் ஆள் வேண்டும். அதில் காஸ் பெரிய கை.

போன இலையுதிர் காலத்தில் இந்தக் காரின் உள்பக்கம், கால் வைக்கிற இடத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள தகட்டிலிருந்து தடித்த அட்டையைப் பிய்த்தபோது, வழக்கமான கிறுக்கல்களுக்குப் பக்கத்தில் ‘நீஸி’ என்று ஒரு பெயர் இருந்தது. கீழே ஒரு கோடு. அட்டை மூடியிருந்ததால் நேற்று எழுதியதைப் போலப் பளிச்சென்று இருந்தது. காஸ் படம் எடுத்து, இது என்ன குறி என்று பழைய கார்ப் பிரியர்கள் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டுக் கேட்டார். நிறத்தின் குறி என்றான் ஒருவன். போர்மேனின் காதலி என்றான் இன்னொரு அதிகப்பிரசங்கி. இதற்கிடையில் தகட்டின் ஓரமெல்லாம் துரு. உடம்பு முழுவதையும் மணல் பீய்ச்சி வெறும் இரும்பாக்கி, புதுப் பெயின்டும் அடித்தாயிற்று.

அதற்கப்புறம்தான், இணையத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெர்னீஸ் பிரிட் காஸுக்குப் போன் செய்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, பேசாமல் அழுதாள். பிறகு சொன்னாள்.

"அந்த நீஸி நான்தான் மிஸ்டர் வோய்ச்சிக். நான் பொறந்த அன்னைக்கு எங்கப்பா லைன்ல வந்த காரு அத்தனைலயும் எம்பேர எழுதினாராம். போர்மேன் வந்து க்ரேயானப் பிடுங்கற வரைக்கும். அம்மா சொல்லாத நாளில்ல. எங்க சொந்தத்துல ஒருத்தரும் நம்பல. அளக்கறான்னு சிரிப்பாங்க."

அப்பா ஏமஸ் அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது இறந்துபோனார். அவர் எழுதிய சீட்டு, கடிதம், எல்லாவற்றையும் வீட்டின் அடித்தளத்தில் வைத்திருந்தார்கள். ஒரு வசந்தத்தில் தண்ணீர் புகுந்து கூழாகிவிட்டது. அவர் கைப்பட்ட ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. அம்மா ஒரு தடவை தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றாள். "இன்னும் இருக்கா அது?"

"இருக்கு. வாங்க" என்றார் காஸ்.

அவர் பாஷையில் அது பொய்யில்லை. படம் இருக்கிறது, இடம் தெரியும், க்ரேயான் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பக்கத்து அறையில் இருக்கைகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி டோரீன் மெஷினை நிறுத்தினாள்.

"என்னத்த இருக்குன்ன?"

"எழுதிருவேன்ல."

"நீ எழுதுவ. புருஷன் எழுதினதப் பாக்க வர்றவங்களுக்கு நீ எழுதினதக் காட்டுவியா? போனப் போட்டு உள்ளதச் சொல்லு."

"அவங்க அழுதுட்டிருந்தாங்க டோரீன்."

"அழுதா பொய் சொல்லலாம்னு எந்தச் சர்ச்சுல சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் அந்த அழுகை காதில் கேட்டது, போனைக் கீழே வைத்தார். அதற்குப் பதிலாக, வாழ்நாளில் இல்லாத கவனத்தோடு அந்தப் பெயரை எழுதினார். பழைய தகட்டுத் துண்டுகளில் பழகிப் பழகிப் பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். படத்தையும் அதையும் பக்கத்தில் வைத்தால் அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதில் கொஞ்சம் பெருமையும் வந்து தொலைத்தது.

பெருக்கி முடிப்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். அம்மாள் ஆல்மா, வார நாளாக இருந்தும், சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் தொப்பியும் நல்ல கோட்டுமாக இறங்கினார். எண்பதை நெருங்கும் வயது. பனியில் வழுக்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, முதல் காரியமாகத் அலுமினியத் தாளில் சுற்றிய வெண்ணெய் கேக்கை காஸிடம் நீட்டினார்.

"நீங்க இல்லன்னா இது குப்பைக்குப் போயிருக்கும் தம்பி. கடவுள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாரு."

கேக் இன்னும் சூடாக இருந்தது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று காஸ் நினைத்தார். டோரீன் வாசற்படியில் நின்று அவரையே பார்த்தாள். அவர் விளக்கைத் தூக்கிக் காட்டி, "இங்க குனியணும்மா, பாத்து" என்றார்.

வெர்னீஸ்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா! பாரும்மா! நீ சொன்னது நெசம்மா! பெரியம்மா மட்டும் இன்னைக்கு இருந்திருக்கணும், இழுத்துட்டு வந்து காட்டியிருப்பேன்."

ஆல்மா குனிந்து பார்த்தார். கையைக் கொண்டுபோனார், தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். வெளியே சாலையில் பனி வாரும் லாரி ஒன்று போய் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, நீங்க சோத்துக் கைக்காரரா?"

காஸுக்குக் கேள்வி விளங்குவதற்கு முன்பே காது சுட்டது. "ஆமாம்மா."

"ஏமஸ் பீச்சாங்கை. குறுக்குக் கோட்ட எப்பவும் வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா இழுப்பாரு. நான் கேலி பண்ணுவேன், நண்டு மாதிரி எழுதறீங்கன்னு. க்ரேயான் மெழுகு இடது பக்கம்ல திரண்டு நிக்கணும்? இது வலது பக்கமா நிக்குது." குரலில் கோபமே இல்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

வெர்னீஸ் திரும்பினாள். "இருக்குன்னீங்களே."

காஸ் சொன்னார். துரு, மணல், இந்தத் தொழிலில் இப்படித்தான் வழக்கம், நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. எல்லாமே உண்மைதான். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் சாக்காகவே வெளியே வந்தது. ஓடிப்போய்த் தன் கைக்கணினியை எடுத்துவந்து முதலில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மெழுகு அந்த அம்மாள் சொன்ன பக்கத்தில்தான் திரண்டிருந்தது. அதை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார், ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

"இதுதான்... இதுதான் அவரு" என்று ஆல்மா விரலை வைத்தார். விரல் பட்டதும் படம் வழுக்கிப்போய் அடுத்த படம் வந்தது. ஏதோ ஒரு போல்ட், அதன் தலையில் பச்சைப் பெயின்ட். அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"தகட்டையே வெட்டிக் குடுத்துடறேன்மா" என்றார் காஸ். கார் அவருடையதில்லை. இருந்தும் அந்த நிமிஷம் வெட்டத் தயாராகத்தான் இருந்தார்.

"உங்க கையெழுத்த வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?" என்றாள் வெர்னீஸ்.

காஸ் முப்பது வருஷமாக நொறுங்கிய கார்களை ஆலையிலிருந்து அன்று வந்ததுபோல நிறுத்திக் காட்டியவர். செய்வதற்கு ஒன்றுமே இல்லாத வேலை ஒன்று அவர் கையில் வந்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாமல் நின்றார். அழத் தோன்றியது, அதற்கும் தனக்கு உரிமையில்லை என்று பட்டது.

ஆல்மாதான் கேட்டார். "மணல் அடிச்சு எடுத்தேன்னீங்க. அந்த மணல் எங்க?"

"பின்னாடி டிரம்ல கிடக்கும்மா. ஆனா அது... நாலஞ்சு காரோடது கலந்திருக்கு. துரு, பெயின்ட், எல்லாம்."

"கலந்திருக்கட்டும்."

"அம்மா, வேண்டாம்மா. குளுருது. வா போலாம்" என்றாள் வெர்னீஸ். அம்மா நடக்கத் தொடங்கிவிட்டார். டோரீன் ஓடிவந்து மறுபக்கத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டறைக்குப் பின்னால், வேலியோரமாக டிரம் நின்றது. மூடியின்மேல் ஒரு சாண் பனி. காஸ் வெறுங்கையால் அதைத் தள்ளிவிட்டு, உறைந்து பிடித்திருந்த மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு போன்ற மணல், விளிம்பு வரைக்கும். மஞ்சள் எங்கேயும் தெரியவில்லை. ஆல்மா கையுறையைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். கோட்டின் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, மணிக்கட்டு மறைகிற வரைக்கும் கையை மணலுக்குள் மெல்ல இறக்கினார்.

பனி விழ ஆரம்பித்திருந்தது. மணல்மேலும், அவர் தொப்பிமேலும் விழுந்தது. காஸ் மூடியைக் கீழே வைக்காமல், அதை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். மணலுக்குள் அந்த விரல்கள் எதையோ தேடி மெதுவாக அசைந்துகொண்டிருந்தன.