தீராத பாட்டில்

அச்சகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. வைத்தது யார் என்று தெரியாது. வைத்தவருக்கு அவள் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் மட்டும் இன்றுவரை வரவில்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு மெல்லிய தாள் வைத்திருப்பார்களே, யாரும் படிக்காமல் தூக்கி எறிவது, அதைப் படித்துப் பிழை திருத்துவதுதான் அவள் வேலை. இருபத்தாறு வருடங்களில் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளில் ஒரு புள்ளிகூடத் தப்பாக அச்சேறியதில்லை. இதை அவளே சொல்வாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள்.

வீட்டிலும் அதே கெடுபிடிதான். தம்பி, தம்பி மனைவி, அவள் என்று மூன்றே பேர் இருக்கும் அந்த வீட்டில் எதுவும் காலியானதாகச் சரித்திரமே இல்லை. உப்பு ஜாடி பாதிக்குக் கீழே இறங்காது. தீப்பெட்டி குலுக்கினால் நிறைந்த சத்தம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டை ஒரு சுற்று சுற்றிவந்து, குறைந்ததையெல்லாம் நிரப்பிவிட்டுத்தான் காபி குடிப்பாள்.

அவளிடம் ஒரு நாள் சாயங்காலம் தம்பி மனைவி தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். விரல் இடுக்குகள் சிவந்து, மடக்கும் இடமெல்லாம் வெடித்து, கை கையாகவே இல்லை.

"என்னம்மா இது?"

"மூணு மாசமா இப்படித்தான் அண்ணி. வர வர மோசமாகுது. இன்னிக்கு மேடம் பார்த்துட்டாங்க."

சின்னவளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அதிலும் கைக்குழந்தைகள் அறையில். இன்னும் நடக்கத் தெரியாத எட்டுப் பேர் அங்கே அவள் ராஜ்ஜியத்தில் இருந்தார்கள். தூக்குவதற்கு முன்னால் கை கழுவ வேண்டும், துடைத்துவிட்ட பின்னால் கழுவ வேண்டும், பால் கலக்கும்போது மறுபடியும் கழுவ வேண்டும். காப்பகத்தின் மேடம் நல்ல மனுஷிதான். ஆனால் வெடித்த கையால் பச்சைக் குழந்தையைத் தொடவிட அவருக்கும் பயம். மாதக் கடைசிக்குள் கை ஆற வேண்டும், அல்லது காரணம் இன்னதென்று டாக்டர் எழுதித் தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சின்னவளைப் பொருள் அறைக்கு மாற்றிவிடுவார்.

"பொருள் அறைன்னா பால்பவுடர் டின்னை அடுக்கி வைக்கறது அண்ணி. நாள் பூரா ஒரு குழந்தை முகம்கூடப் பார்க்க முடியாது." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பூதக்கண்ணாடிக்கு ஆறுதல் சொல்ல வராது. எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

"வீட்டுல உடம்புல போடற டப்பா, பாட்டில், ட்யூப் எல்லாத்தையும் எடுத்துட்டு வா. ஒண்ணு விடாம."

சாப்பாட்டு மேசையில் பதினான்கு உருப்படிகள் வரிசைகட்டி நின்றன. காப்பகத்துச் சோப்பின் லேபிளைக்கூடச் சின்னவள் படம் பிடித்து வந்திருந்தாள். பூதக்கண்ணாடி ஒரு தாளில் நடுக்கோடு போட்டாள். ஒரு பக்கம் கைக்கு ஒத்துக்கொண்டது, மறுபக்கம் சந்தேகம். பெயர்களைப் படிப்பது அவள் பாடு. அந்தப் பெயர்களையெல்லாம் வருடக்கணக்காகத் திருத்தியவள், ஒவ்வொன்றின் எழுத்தும் தலைகீழ்ப் பாடம். ஆனால் அது என்ன செய்யும் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அதைச் செல்போனில் தேடித் தேடிச் சின்னவள் தெரிந்துவைத்திருந்தாள்.

"கிளிசரின்."

"ஈரத்தை இழுத்துப் பிடிச்சு வச்சுக்கும்."

"பெட்ரோலேட்டம்."

"அது மூடி மாதிரி அண்ணி. உள்ள இருக்கற ஈரத்தை வெளிய விடாது."

"யூரியா. இது உரமாச்சே!"

"அதேதான். தடிச்ச தோலை இளக்கும். ஆனா வெடிப்புல பட்டா உயிர் போயிடும்."

"சோடியம் லாரில் சல்பேட்."

"நுரைக்காகப் போடறது. அழுக்கோட சேர்த்து நம்ம தோல்ல இருக்கற எண்ணெயையும் வழிச்சிட்டுப் போயிடும்."

கண்ணாடி டப்பாவில் இருந்த விலை கூடிய கிரீமையும் மருந்துக்கடை ட்யூபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, முதல் ஆறு பெயர்களும் வரிசை மாறாமல் ஒன்றாகவே இருந்தன. எது அதிகமோ அதுதான் முதலில் வரும் என்று சின்னவள் விளக்கினாள். பூதக்கண்ணாடி உடனே இன்னொரு பாட்டிலைத் திருப்பினாள். முன்பக்கம் முழுக்கக் கற்றாழைப் படம். பின்பக்கத்தில் கற்றாழை கடைசிக்கு மூன்றாவதாகக் கூனிக் குறுகி நின்றது.

"வாசல்ல மாப்பிள்ளை போட்டோ, உள்ள போனா கடைசிப் பந்தியிலதான் அவர் இருக்கார்" என்றாள் பூதக்கண்ணாடி. சின்னவள் சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்து வெகு நாளாகியிருந்தது. தம்பி எட்டிப் பார்த்து, "ஏதாவது ஒண்ணைத் தடவினாத்தான் என்ன?" என்று வாயைக் கொடுத்து, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு போனான்.

கடைசியாக வெள்ளை பாட்டில் வந்தது. சின்னவள் தனக்கென்று வாங்கி வாஷ்பேசின் அருகில் வைத்திருந்த கை கழுவும் திரவம். வாசனை கிடையாது, சல்பேட் கிடையாது, மொத்தமே பதினொரு பொருள்கள், பதினொன்றும் சாது.

"இதுல ஒரு குறையும் இல்ல அண்ணி. வாங்கி நாலு மாசமாகுது, இன்னும் தீரல. அட்சயப் பாத்திரம்தான் போங்க!"

பூதக்கண்ணாடி அதை ஒத்துக்கொண்ட பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

தீர்ப்பு எழுத அதிக நேரம் ஆகவில்லை. குற்றவாளி, சல்பேட் நுரை பொங்கும் காப்பகத்துச் சோப்பு. மேடத்துக்கு மூன்று குறிப்புகளோடு காரசாரமாக ஒரு கடிதத்தை அவளே எழுதிச் சின்னவளிடம் கொடுத்தனுப்பினாள். மேடம் கோபப்படவில்லை. சோப்பை மாற்றினார். ஒரு வாரம் வீட்டிலிருந்து கையை ஆற்றிக்கொண்டு வா என்று விடுப்பும் கொடுத்தார். அந்த ஒரு வாரத்தில் கை ஆறவில்லை. முன்னைவிட மோசமானது.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, தோல் டாக்டர் சின்னவள் முதுகில் சின்னச் சின்னக் கட்டங்களாக மருந்து ஒட்டினார். இரண்டு நாள் கழித்து ஒரு முறை, இன்னும் இரண்டு நாள் கழித்து மறு முறை பார்த்தார். அத்தனை கட்டத்தில் ஒன்றே ஒன்று சிவந்து தடித்திருந்தது. பெயரை எழுதிக் கொடுத்தார்: மெத்தில் ஐசோதையசோலினோன்.

"கெட்டுப்போகாம இருக்கச் சேர்க்கறது. நிறையப் பேருக்கு ஒண்ணும் பண்ணாது, இவங்களுக்கு ஆகாது. வீட்டுல இருக்கறப்ப அதிகமானா, அது வீட்டுலதான் எதுலயோ இருக்கு. கண்டுபிடிச்சுட்டு வாங்க, எழுதித் தர்றேன். நிறுத்தினா நாலஞ்சு வாரத்துல கை பழையபடி ஆயிடும்."

பூதக்கண்ணாடி வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். பிழை திருத்துபவர்களுக்கு ஒரு வழி உண்டு. முன்னாலிருந்து படித்தால் கண் பழக்கத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று கடைசியிலிருந்து முதலுக்கு ஒவ்வொரு சொல்லாகப் படிப்பார்கள். அப்படி அந்த வீட்டின் எல்லா லேபிளையும் மூன்று முறை படித்தாள். பாத்திரம் கழுவுவது, தரை துடைப்பது, தம்பி முகம் மழிக்கும் நுரை, ஒன்றையும் விடவில்லை. அந்த நீளப் பெயர் எதிலும் இல்லை.

சனிக்கிழமை சின்னவள் சொல்லிவிட்டாள். "விடுங்க அண்ணி. செவ்வாயோட மாசம் முடியுது. நாளன்னிக்குப் போய் பொருள் அறைக்கே மாத்திடுங்கன்னு சொல்லிடறேன்."

மறுநாள் ஞாயிறு. பூதக்கண்ணாடி வழக்கம்போல் சுற்றுக்குக் கிளம்பினாள். உப்பு, தீப்பெட்டி, பிறகு வாஷ்பேசின். இடது கையில் வெள்ளை பாட்டில். கண் அதன் முதுகைக் கடைசியிலிருந்து நாலாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தது. வலது கை, அது பாட்டுக்கு, கீழே இருந்த பெரிய கேனைச் சாய்த்துப் பாட்டிலுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது.

ஆறாவது பெயரில் கண் நின்றது. கையும் நின்றது.

கேன் அச்சகத்துடையது. மை பட்ட கையைக் கழுவ மொத்தமாக வாங்குவார்கள். வாசனை இல்லாத, தண்ணீர் மாதிரி நிறமில்லாத திரவம். அவளும் வருடத்துக்கு ஒன்று வீட்டுக்கு வாங்கி வருவாள். லேபிள் இருக்கும் பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்தே இருக்கும்; மூன்று முறை தேடியபோதும் அது அவள் கண்ணில் படவில்லை. திருப்பினாள். முன்னாலிருந்தே படித்தாள், அதற்கே போதுமாக இருந்தது. நாலாவது வரியில் அந்த நீளப் பெயர் முழுசாக உட்கார்ந்திருந்தது.

பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. நாலு மாதத்துக்கு மேலாக ஒவ்வொரு ஞாயிறும் ஊற்றியிருக்கிறாள். சின்னவள் வாங்கிய சாதுத் திரவம் இந்நேரம் ஒரு சொட்டுகூட உள்ளே இருக்காது. வீட்டில் அத்தனை பேரின் பிழையையும் பிடித்தவள் தன் கையைப் பார்க்கவில்லை.

யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அடுத்து அவளுக்குத் தோன்றியது. உண்மையை மறைப்பானேன், தோன்றத்தான் செய்தது. கேனைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாட்டிலைக் கழுவிவிட்டு, கம்மென்று இருந்துவிடலாம். கை தானாக ஆறும். இருபத்தாறு வருடப் பெயரும் அப்படியே இருக்கும். ஆனால் கை ஆறும்போது மாதம் முடிந்து, குழந்தைகள் அறையில் சின்னவளின் இடமும் போயிருக்கும். காரணத்தைச் சொன்னால்தான் டாக்டர் எழுதுவார்.

கேனைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தவள், அறை வாசலில் நின்றாள். உள்ளே சின்னவள் காப்பகத்து மேலங்கியைத் தேய்த்து மடித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் நிறையக் குழந்தை பொம்மைப் படம் போட்ட மேலங்கி. திருப்பிக் கொடுப்பதற்காக மடிக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. வெடித்த விரல் துணியில் சிக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பூதக்கண்ணாடி கேனை அங்கேயே கீழே வைத்தாள். வாயால் சொல்ல அவளுக்கு வராது. மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள். அச்சான பின் தவறு தெரிந்தால் புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைப்பார்கள். பிறருக்காக எத்தனையோ எழுதியிருக்கிறாள். தனக்காக இதுதான் முதல். எழுதிக் கொண்டுபோய் மேலங்கியின் மேல் வைத்தாள்.

"பிழை: சின்னவளின் வெள்ளை பாட்டிலின் பின்பக்கம் உள்ள பதினொரு பொருள்கள். திருத்தம்: அவை எதுவும் உள்ளே இல்லை. உள்ளே இருப்பது அச்சகக் கேன். ஞாயிறுதோறும் ஊற்றியது அண்ணி. காப்பகத்துச் சோப்பைக் குறை சொல்லி எழுதிய கடிதமும் பிழை. மிகவும் வருந்துகிறேன்."

சின்னவள் படித்தாள். கேனைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"நாலு மாசம் அண்ணி! ராத்திரி எரிச்சல்ல தூக்கம் வராம..."

"தெரியும். திட்டு. நல்லாத் திட்டு."

"எதுக்கு ஊத்துனீங்க? நான் கேட்டேனா?"

"கேக்கல." பூதக்கண்ணாடி தரையைப் பார்த்தாள். "காலைல நீ ஓடற ஓட்டத்துல, பம்ப்பை அமுக்கி வெறும் காத்து வந்தா என்ன பண்ணுவே? அதான்."

சின்னவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "நான் வந்து மூணு வருஷம் ஆகுது. உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னே நினைச்சுட்டிருந்தேன்."

"பிடிக்காதவளுக்கு வாராவாரம் எவளாவது ஊத்துவாளா?" என்றாள் பூதக்கண்ணாடி எரிச்சலோடு. சின்னவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

திங்கட்கிழமை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு இருவரும் காப்பகத்துக்குப் போனார்கள். தன் பிழைச் சீட்டை மேடத்திடம் நானேதான் படிப்பேன் என்று பூதக்கண்ணாடி அடம்பிடித்தாள். படித்தாள், சோப்புக் கடிதம் உட்பட. மேடம் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். கை ஆறும்வரை கழுவுகிற வேலையை வேறொருத்தர் பார்க்கட்டும், இவள் குழந்தைகள் அறையிலேயே விளையாட்டுக் காட்டிக்கொண்டு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் எட்டில் ஒன்று சின்னவள் குரலைக் கேட்டுக் கத்த ஆரம்பித்திருந்தது.

கேன் அச்சகத்துக்கே திரும்பியது. ஐந்தாவது வாரம் சின்னவளின் விரல்கள் வலிக்காமல் மடங்கின. ஆறாவது வாரம் எட்டுப் பேரையும் அவளே குளிப்பாட்டினாள். புதிய வெள்ளை பாட்டிலின் பக்கம் பூதக்கண்ணாடி தலைவைத்தும் படுக்கவில்லை. ஞாயிற்றுச் சுற்றில் அதைக் கடக்கும்போது மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் வாஷ்பேசினில் பம்ப் புஸ்ஸென்று வெறும் காற்றை விட்டது. அந்த வீட்டில் முதல் தடவையாக ஒன்று காலியானது.

"அண்ணி, தீர்ந்துடுச்சு!" என்று சின்னவள் என்னவோ பரிசு விழுந்த மாதிரி கத்தினாள். "நீங்களே போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன். எனக்கு நேரமாச்சு."

"நானா?"

"பின்னே வேற யாரு படிச்சு வாங்குவா?"

பூதக்கண்ணாடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கடையில் பாட்டிலைக் கையில் வாங்கிக் கடைசியிலிருந்து முதல்வரை படித்தாள், முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். மூடியின் முத்திரை பிரிக்காமல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"எல்லாம் சரியா இருக்கா அம்மா?" என்றார் கடைக்காரர்.

"எழுதியிருக்கறது சரியாத்தான் இருக்கு" என்றாள் பூதக்கண்ணாடி. "உள்ள இருக்கறதும் இதுதானே?"