பதினேழு பேரைத் தாங்கிய தூண்

டெனுசனுக்கு அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரன் பதக்கம் உறுதியாகிவிட்டது. அவனுடைய கழகம் ஒரு ஆட்டமும் வெல்லாமல் பட்டியலின் அடியில் கிடந்தது. இரண்டும் எப்படி ஒருமிக்க நடக்கும் என்று கேட்பவர்கள் அவுஸ்திரேலியக் கால்பந்தைப் பார்த்ததில்லை, அல்லது டெனுசனைப் பார்த்ததில்லை.

லண்டனுக்கு வேலைக்கு வந்த அவுஸ்திரேலியர் கோடைச் சனிக்கிழமைகளில் பூங்காக்களில் அதை ஆடுவார்கள். முட்டை வடிவப் பந்து. தூக்கிக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம், அடுத்தவன் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறி அந்தரத்தில் பிடிக்கலாம். நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தால் போனால் ஒன்று. லண்டன் ஓரத்துச் சட்டனில் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் டெனுசனை, உடன் வேலை செய்த ஒருவன் இரண்டு வருடத்துக்கு முன் வாண்டில் கொக்குகள் கழகத்துக்குக் கூட்டிப்போனான். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். கோல் கம்பத்தின் முன்னால் கடைசிக் காவலாக நிறுத்தினார்கள்.

கடைசிக் காவலுக்கு ஒரு வசதி உண்டு. அணி எவ்வளவு மோசமாக ஆடுகிறதோ அவ்வளவு பந்து அவனைத் தேடி வரும். மே மாதம் கொக்குகள் 187க்கு 14 என்று தோற்ற நாளில் டெனுசன் முப்பத்தொரு பந்தை அந்தரத்தில் பிடித்தான். ஆட்டம் முடிந்ததும் நடுவர் சிறந்தவனுக்கு மூன்று வாக்குப் போடுவார், வென்ற அணி தோற்ற அணி பார்க்கமாட்டார். அன்றைய மூன்றும் டெனுசனுக்கு. அடுத்த வாரம் 160 புள்ளியால் தோற்றார்கள், மறுபடியும் மூன்று.

"பந்து முழுநாளும் உன்ரை பக்கம்தானே கிடக்குது, தம்பி. பின்னை உன்னட்டை வராமல் என்னட்டையே வரும்?" என்றாள் அக்கா ஷெறோன். அவளுக்குப் பொறாமை என்று டெனுசன் முடிவுகட்டினான்.

அவள் சொல்லாமல் விட்ட இன்னொரு விஷயமும் இருந்தது. பிடித்த பந்தை அவன் யாருக்கும் கொடுக்கமாட்டான். தானே தூக்கிக்கொண்டு ஓடுவான், மூன்று பேர் வந்து விழுத்துவார்கள், பந்து பறிபோகும், திரும்ப அவன் தலைக்கு மேலேயே வரும், திரும்பப் பிடிப்பான். கரையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். கப்டன் லொக்லன் வாராவாரம் வந்து, பிடித்தவுடன் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடு என்று கெஞ்சாத குறையாகச் சொல்வான். டெனுசன் தலையாட்டுவான். கொடுத்தால் அவர்கள் பந்தைக் கீழே விட்டுவிடுவார்கள் என்று அவன் மனதுக்குத் தெரியும். வென்றால் தோளில் கைபோட்டு வட்டமாக நின்று பாட அந்தக் கழகத்துக்கு ஒரு பாட்டு இருந்தது. அவன் சேர்ந்த நாளிலிருந்து அதற்கு வேலை வரவில்லை.

பதக்கச் செய்தி வந்த அன்றே தகப்பன் கஸ்பர் மாதா கோயில் பங்கு மண்டபத்தைப் பதிவு செய்தார். கஸ்பருக்கு உலகத்தில் ஒரே அளவுகோல், வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பது. வகுப்பே பெயிலானாலும் கவலையில்லை. "குழு தோத்தால் தோக்கட்டும். என்ரை பிள்ளை முதலாம் பிள்ளை," என்று பூசை முடிந்து வருகிறவர்களை மறித்து மறித்துச் சொன்னார். கௌரவிப்பு விழா, ஓகஸ்ட் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு பதாகையும் அடித்தார்: பதினேழு பேரைத் தனியே தாங்கும் தூண். அணியில் மற்றவர்கள் பதினேழு பேர்.

அன்றைக்குத்தான் கடைசி ஆட்டம், ஒரு மணிக்கு. யாழ்ப்பாணத்து ஆளுக்கு அழைப்பிதழில் இரண்டு என்றால் நாலரை என்று அர்த்தம். ஆடி முடித்து, குளித்து, தலை சீவிக்கொண்டு வந்தாலும் குத்துவிளக்குக்கு முன் வந்துவிடலாம். டெனுசனுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான், வர ஏலாது, குடும்ப விஷயம் என்று லொக்லனுக்குச் சொன்னான். ஆட்டம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்றும் பெருந்தன்மையாக அழைத்தான்.

காரணம் வேறு. தான் இல்லாத கொக்குகளை எல்லோரும் ஒருதரம் பார்க்கவேண்டும். இருநூறு புள்ளியால் அடிபட்டு வரட்டும், அப்போது தெரியும் இவ்வளவு நாளும் யார் தாங்கினது என்று. பதக்கத்தைவிட அந்த இருநூறுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

ஆகவே சனிக்கிழமை இரண்டு மணிக்கு, கோட்டும் சூட்டுமாக, ஒரு ஈ காக்கையும் இல்லாத மண்டபத்தில் மாலைக் கூடைக்குப் பக்கத்தில் அவன் தனியே உட்கார்ந்திருந்தான். கஸ்பர் கதிரைகளை வரிசைப்படுத்தினார். ஷெறோன் றோல்ஸ் தட்டுகளை மூடிக்கொண்டிருந்தாள். கழகத்தின் வட்ஸப் குழுவில் புள்ளிகள் வந்தன. முதற் கால்பகுதியில் கொக்குகள் நாலு புள்ளி பின்னுக்கு. தொடக்கம்தானே என்று பொறுத்தான். பாதியில் ஒன்பது பின்னுக்கு. இனி உடையும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்றாம் பகுதியில் சமம். சொந்த அணி தோற்கவேண்டும் என்று மாதாவிடம் நேரே கேட்க வெட்கமாக இருந்ததால், நடக்கவேண்டியது நடக்கட்டும் என்று பொதுவாக வேண்டினான்.

மூன்று நாற்பதுக்குக் கடைசிச் செய்தி வந்தது. கொக்குகள் 71, எதிரணி 68. அவன் இடத்தில் நின்றவன் கிரெய்க், நாற்பத்துநாலு வயது, குழாய் வேலைக்காரன், ஒரு முழங்கால் சரியில்லை. கிரெய்க் முழு ஆட்டத்திலும் ஐந்து பந்துதான் பிடித்தான், ஐந்தையும் அடுத்தவனிடம் கொடுத்துவிட்டான் என்று லொக்லன் எழுதியிருந்தான். படத்தில் எல்லோரும் சேறும் சிரிப்புமாக நின்றார்கள். டெனுசன் அதை அரை நிமிடம் பார்த்தான். பிறகு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான்.

"என்னவாம்?" என்றாள் ஷெறோன்.

"இன்னும் முடியேல்லை."

நாலே முக்காலுக்கு விழா தொடங்கியது. அறிவிப்பாளர் ஆனந்தராஜா விம்பிள்டன் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கும் சட்டன் பங்குத் திருவிழாவுக்கும் ஒரே குரலை வாடகைக்கு விடுபவர். அவுஸ்திரேலியக் கால்பந்தை அவர் கண்டதில்லை, அதனால் தடையில்லாமல் பேசினார். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ஆனந்தராஜா மைக்கை அவனுடைய வாய்க்கு நேரே நீட்டினார்.

"இண்டைக்கும் ஒரு ஆட்டமாம். எங்கடை தூண் இங்கை நிக்குது. தூண் இல்லாத கூரை என்ன பாடுபட்டுது எண்டு சபைக்கு ஒருக்கால் சொல்லுங்கோ, தம்பி."

இருநூறு கதிரையும் அவனைப் பார்த்தன. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். தகப்பனின் முகத்தைப் பார்த்தான்.

"நூற்றிருபது புள்ளியாலை தோத்திட்டினம்."

சபை 'ச்சூ' கொட்டியது. அதைத் தொடர்ந்து கைதட்டல், அவன் இதுவரை கேட்டதிலேயே பெரியது. வெட்கங்கெட்ட மனது, ஒரு கணம் சுகமாகத்தான் இருந்தது. முன்வரிசையில் ஷெறோன் மட்டும் தன் போனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கழகத்தின் பக்கத்தில் படம் ஏறி ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியிருந்தது.

சாப்பாடு தொடங்கும் நேரத்தில் கொக்குகள் வந்தார்கள். பதினெட்டுப் பேர், ஈரத்தலை, கையில் பியர் பெட்டி. சாப்பாட்டுக்கு அழைத்தால் நேர்மையாக வந்து நிற்கும் ஆட்கள். கஸ்பர் ஓடிப்போய் அவர்களை மேடைக்கு ஏற்றினார். பிறகு செத்தவீட்டில் செய்வதுபோல லொக்லனின் இரண்டு கைகளையும் பிடித்து, தலையை மெதுவாக ஆட்டி, மனம் விடவேண்டாம், அடுத்த வருடம் மகன் கட்டாயம் வருவான் என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். ஆனந்தராஜா பழக்கதோஷத்தில் இருவருக்கும் நடுவே மைக்கைப் பிடித்தார்.

லொக்லன் விளங்காமல் சிரித்தான். தாங்கள் வென்றதாகச் சொன்னான். மூன்று புள்ளியால். இரண்டு வருடத்தில் முதல் வெற்றி. "டெனுசனுக்குத் தெரியுமே," என்று ஆங்கிலத்தில் சொல்லி அவன் தோளில் அன்பாகத் தட்டினான். "படம் அனுப்பினேன், கட்டைவிரல் போட்டானே."

மைக் நல்ல மைக். பின்வரிசையில் குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தவளுக்கும் கேட்டது. யாரோ ஒருவர் இருமினார். கஸ்பர் லொக்லனின் கைகளை விடவில்லை, மகனை மட்டும் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் டெனுசன் தாங்கியிருப்பான். றிப்போர்ட்டில் மார்க்கைத் திருத்திய பிள்ளையைப் பார்ப்பதுபோல, நம்பமுடியாமல் பார்த்தார்.

பதாகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கிரெய்க் ஷெறோனைக் கேட்டான். அவள் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தாள். கொக்குகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு ஒரேயடியாக ஆரவாரம் செய்தார்கள். ஒருவனுக்கும் மனதில் கறள் இல்லை, அதுதான் டெனுசனுக்கு ஆக மோசமாக வலித்தது. லொக்லன் அவனை மாலையும் பொன்னாடையுமாக இழுத்து நடுவில் விட்டான். பதினெட்டுப் பேரும் தோளில் கைபோட்டு வட்டமாக நின்று கழகப் பாட்டை எடுத்தார்கள்.

சின்னப் பாட்டு, எட்டே வரி. கத்திப் பாடினார்கள், ஒரு சொல்லும் தவறவில்லை. கிரெய்க்குக் கண் கலங்கியிருந்தது. நடுவில் சிறந்த ஆட்டக்காரன் மீன்போல வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றான். முடிந்ததும், இன்னொரு தரம் என்று அவர்கள் மூச்சு வாங்கினார்கள். கஸ்பர் வட்டத்தின் ஓரத்துக்கு வந்து குனிந்து கேட்டார்.

"நீ ஏன் பாடேல்லை?"

"பாட்டுத் தெரியாது, அப்பா."

"ரெண்டு வருசமா விளையாடுறாய். கழகத்தின்ரை பாட்டுத் தெரியாதோ?"

டெனுசன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"வெண்டால்தான் அதைப் பாடுவினம்."