மழை மேலே போகும் நாடு

வீட்டில் அவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் தவறினால் புருஷன்கூட. பல் மருத்துவர் ஒருவரிடம் பல் செட் செய்து தருகிற வேலை. மெழுகில் பல் வடித்து வடித்து அலுத்துப்போன ஒரு நாளில், எங்குமே இல்லாத ஒரு நாட்டைப் பற்றிக் கதை எழுதுவதென்று முடிவு கட்டினாள்.

அந்த நாட்டில் மழை தரையிலிருந்து கிளம்பி வானத்துக்குப் போகும். நினைக்க நினைக்க இனித்தது. வரைபடம் போட்டாள். மலைகளுக்குப் பெயர் வைத்தாள். ராஜாக்களுக்குக் கொள்ளுத் தாத்தா வரைக்கும் வம்சம் பிடித்தாள். சாப்பாட்டு மேசை முழுக்க அந்த நாடுதான். தட்டு வைக்க இடமில்லை. கதை மட்டும் ஒரு வரி நகரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து நாத்தனார் காலை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பஸ் ஓட்டுகிறவள். டிப்போ படியில் வழுக்கி, முழங்கால் வரை மாவுக்கட்டு. சும்மா இருக்கத் தெரியாதவள், வரைபடத்தை இழுத்து வைத்துப் பார்த்தாள்.

"அண்ணி, மழை கீழேருந்து வந்தா குடைய எங்க பிடிப்பாங்க? காலுக்கடியிலயா?"

புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணிக்கு முகம் சுண்டிப்போனது. "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் எல்லாமே கிண்டல்தான்" என்று தாள்களைச் சுருட்டி அலமாரி மேல் போட்டாள்.

அந்த வாரம் முழுக்க மேசையில் தாராளமாக இடம் இருந்தது. சாப்பிடத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் மெல்ல வாயைத் திறந்தாள்.

"நான் கிண்டலுக்குக் கேக்கல அண்ணி. படுத்தா அதே நினைப்புதான். அந்த ஊர்ல துணிய எங்க காயப்போடுவாங்க? கொடியில போட்டா அடியிலேருந்து நனையுமே?"

அண்ணி சட்டையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். இத்தனை ராஜாக்களில் ஒருவனாவது துணி துவைத்திருப்பானா?

"பாறை மேல போடுவாங்க," என்றாள் யோசித்து. "பாறையிலேருந்து மழை கிளம்பாது."

"பாறை நிறைய இருக்கா?"

"ஊருக்கே ஒண்ணுதான்."

"அப்ப சண்டை வருமே! எங்க டிப்போல நிழலா வண்டி நிறுத்த ஒரு இடம் இருக்கு. அதுக்கே தினம் அடிதடி."

"யாருடி சண்டைக்கு நிப்பா?"

"ஈரத் துணியோட ஒருத்தி. வீட்டுல கைக்குழந்தை, மாத்துத் துணி கிடையாது. விட்டுக் குடுப்பாளா?"

சட்டை தரையில் விழுந்தது. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு, கைக்கு அகப்பட்ட கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதினாள்: 'அவள் போனபோது பாறையின் மேல் ஒருவன் படுத்திருந்தான்.'

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "யாரு அண்ணி இவன்?"

"எனக்கென்ன தெரியும்? எழுதினாத்தான் தெரியும்."

மிச்சத் துணியைப் புருஷன் மடித்தான். மடித்த லட்சணத்தை யாரும் கவனிக்கவில்லை, அவனுக்கு நல்ல காலம்.

கட்டுப் பிரித்ததும் நாத்தனார் வேலைக்குத் திரும்பினாள். ஒரு மத்தியானம் போன் வந்தது. அண்ணி மெழுகுக் கையோடு எடுத்தாள்.

"அண்ணி, அவன் எழுந்தானா இல்லையா?"

"எழுந்துட்டான். ஆனா இடம் தர மாட்டேங்கிறான்."

"அவன் கிடக்கிறான். குழந்தைக்குச் சளி பிடிக்காம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.