பாதியில் எழுந்து போனவர்

டெல்மர் ஹாஃப்ஸ்டெட்டுக்குப் பொய் சொல்ல வராது. இது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக டோலிடோ அமெரிக்கக் கால்பந்து அணிக்காகக் கல்லூரி கல்லூரியாக அலைந்து, தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுகிற பையன்களைப் பொறுக்குவதுதான் வேலை. அதிலும் பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிற குவார்ட்டர்பேக் என்றால் மனிதருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

இதுவரை ஆறு பேரைக் கண்டுபிடித்திருந்தார். ஆறு பேரையும், அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும் டிராஃப்ட் அன்று, வேறு அணிகள் கொத்திக்கொண்டு போயின. காரணம் அவர் முகம்தான். பிடித்த பையன் பந்தை எறிந்தால் இவர் வாய் தானாகப் பிளந்துகொள்ளும். மற்ற அணிக்காரர்கள் பந்தைப் பார்ப்பதே இல்லை; டெல்மரின் வாயைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். வருகிற ஜூனில் ஓய்வு. தான் கண்டெடுத்த ஒருவன், ஒரே ஒருவன், டோலிடோ சட்டை போட்டுப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

அந்த ஒருவன் தெற்கு டகோட்டாவின் ஒரு சின்னக் கல்லூரியில் இருந்தான். பெயர் அமோஸ் கிட்ரிட்ஜ். பனி கொட்டுகிற நவம்பரில், கையுறை இல்லாமல், ஐம்பது கஜம் தள்ளி ஓடுகிறவன் மார்பில் பந்தைக் கொண்டுபோய் வைத்தவன். 'முதல் சுற்றிலேயே எடுங்கள், யோசிக்காதீர்கள்' என்று டெல்மர் அறிக்கை எழுதிவிட்டார். இந்த முறை முகம் காட்டிக்கொடுக்கக் கூடாது, நடித்தே தீருவது என்றும் முடிவு செய்துவிட்டார்.

மார்ச்சில் எல்லா அணிக்காரர்களும் வந்து பையனைச் சோதிக்கும் நாள் வந்தது. முதலில் கையை அளந்தார்கள். பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை எட்டே முக்கால் அங்குலம். ஒன்பதுக்குக் குறைந்தாலே இந்தத் தொழிலில் முகம் சுளிப்பார்கள். ஒமாஹா அணிக்காக வந்திருந்த ரஸ்டி கெம்பர், டெல்மரின் முப்பது வருடத்துக் கூட்டாளி, பக்கத்தில் வந்து இடித்தார்.

"என்னடா, உன் செல்லப்பிள்ளைக்குக் கை இவ்வளவு குட்டியா இருக்கு?"

"செல்லப்பிள்ளையா? எவன் சொன்னான்? இந்த ஊர்ல ஆட்டுக்கறி வறுவல் நல்லா இருக்கும்னு வந்தேன்."

"காது செவக்குதே."

"குளிருடா!"

பையன் மொத்தம் அறுபது பந்து எறிய வேண்டும். எத்தனை மோசமான பையனானாலும், அவன் எறிந்து முடித்துக் காலணியைக் கழற்றும்வரை யாரும் நகர மாட்டார்கள். அது தொழில் மரியாதை. டெல்மர் நாற்பத்தெட்டாவது பந்தில் எழுந்தார். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். பையனின் கண்ணெதிரிலேயே மைதானத்தைக் கடந்து காருக்கு நடந்தார். அமோஸ் பந்தோடு நின்று தன்னையே பார்ப்பது முதுகில் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் திரும்பவில்லை.

ஆட்டுக்கறி தட்டில் வந்து சேர்வதற்குள் செய்தி ஊரெல்லாம் சேர்ந்துவிட்டது. ஒரு வாரத்தில் தொலைக்காட்சி நிபுணர்கள் கோட்டு போட்டு உட்கார்ந்து, 'டோலிடோக்காரரே வெளிநடப்பு செய்துவிட்டார்' என்று உதட்டைப் பிதுக்கினார்கள். டெல்மருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மிச்சப் பந்துகளின் வீடியோவைக் கூடக் கேட்கவில்லை. கேட்டால் கல்லூரிக்காரர்கள் உளறிவிடுவார்களே!

ஏப்ரலில் டோலிடோ அலுவலகத்தில் கூட்டம். சுவர் முழுக்கப் பெயர்ப் பட்டைகள், சுற்று வாரியாக. அமோஸின் பெயர் நாலாவது சுற்று வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தது. டெல்மர் பொது மேலாளர் லொரெய்ன் பிகாட்டிடம் பாய்ந்தார்.

"லொரெய்ன், முதல் சுற்றுன்னுதானே எழுதியிருக்கேன்!"

"எழுதினீங்க. அப்புறம் பாதியில எழுந்து போயிட்டீங்களாமே. நான் எதை நம்பட்டும்?"

"அது நடிப்புங்க!"

"நடிப்பா? நீங்களா?"

அறையே சிரித்தது. ஒருவருக்குக் காபி புரையேறியது. டெல்மர் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் லொரெய்ன் நம்பினார். நம்பாமலே இருந்திருக்கலாம்.

"சரி, அப்ப எல்லாரும் சுத்தமா ஏமாந்துட்டாங்க. அப்படித்தானே?"

"சுத்தமா!"

"அப்ப அவனை யாரும் தொடப்போறதில்ல. நாலாவது சுற்றுல நிதானமா எடுத்துக்கலாம். முதல் சுற்றை எதுக்கு வீணாக்கணும்?"

"இல்லங்க, ரெண்டாவதுலயாவது..."

"ஏன், உங்க நடிப்பு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவர் நடிப்பை மெச்சுகிறார். அந்த மயக்கத்தில் மனிதர் தலையாட்டிவிட்டார்.

டிராஃப்டில் வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. மூன்று சுற்றிலும் அமோஸை யாரும் சீண்டவில்லை. சனிக்கிழமை மதியம் நாலாவது சுற்றில் டோலிடோவின் முறைக்கு முன்னால் இன்னும் இரண்டே அணிகள் பாக்கி. லொரெய்ன் பையனை அழைக்கத் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது ஒமாஹாவின் முறை வந்தது. அமோஸ் கிட்ரிட்ஜ் என்று அறிவித்தார்கள்.

லொரெய்ன் தொலைபேசியைக் கீழே வைத்தார். கோட்டை விட்டாயிற்று. டெல்மர் வராந்தாவுக்குப் போய் ரஸ்டியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"எப்படிடா கண்டுபிடிச்சே?"

"எங்க கண்டுபிடிச்சேன்? நல்லாத்தான் காதுல பூ சுத்தினே. நீ போனதும் மத்தவங்களும் ஒவ்வொருத்தரா கிளம்பிட்டாங்க, நானும் பையைத் தூக்கிட்டேன். அப்பதான் அந்தப் பையன் அடுத்த பந்தை எறிஞ்சான். அப்படியே உக்காந்துட்டேன்டா."

வைத்த கையோடு தொலைபேசி மறுபடி அடித்தது. அமோஸ்.

"சார், உங்களுக்கு நன்றி சொல்லணும்."

"எனக்கா? எதுக்குப்பா?"

"நவம்பர் பனியில நின்னு எனக்காகக் கைதட்டின ஒரே ஆள் நீங்கதான். நீங்களே கொட்டாவி விட்டுட்டுப் போறீங்கன்னதும் வெறி வந்துடுச்சு சார். மிச்சம் பன்னெண்டு பந்தையும் வெளுத்து வாங்கிட்டேன். என் ஜென்மத்துல அப்படி எறிஞ்சதில்ல."

டெல்மருக்குத் துக்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

"தம்பி, நான் நடிச்சேன்ப்பா. உன்னை ரொம்பப் பிடிச்சதாலதான் எழுந்து போனேன்."

"போங்க சார், கிண்டல் பண்ணாதீங்க!"

பையனும் நம்பவில்லை. டெல்மர் வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சரி, அதை விடு. நாற்பத்தொன்பதாவது பந்துல ஆரம்பி. எந்தப் பக்கம் எறிஞ்சே? அவசரப்படாம ஒவ்வொண்ணா சொல்லு."